நெருப்பில் பிறந்த நிலம்: சேலம் முதல் நாமக்கல் வரை ஒரு நாள்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்பவர்கள் சன்னல் ஓரத்தில் அமர்ந்தால் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். தட்டையான செம்மண் வயல்கள், கிணற்று மேடுகள், தென்னை வரிசைகள். அவற்றின் நடுவே எவ்விதமான முன்னறிவிப்பும் இன்றி ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் அதைக் ‘கரடு’ என்பார்கள். கரட்டின் உச்சியில் ஒரு கோயிலோ, இடிந்த கோட்டைச் சுவரோ தெரியும். பிறகு மீண்டும் வயல்.

இந்தப் பாறைகள் எப்படி வந்தன? இவற்றின்மேல் மனிதன் ஏன் ஏறினான்? முதல் கேள்வி நிலவியலுக்கு உரியது. இரண்டாவது வரலாற்றுக்கு உரியது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று எண்ணி, சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் அறுவருடன் ஒரு வாடகை வேனில் புறப்பட்டேன். எல்லோரும் தமிழ் வழியில் பயில்பவர்கள். கையில் கொண்டுபோன கருவிகள் நான்கே: ஒரு காந்த ஊசிப் பெட்டி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சுருள்வில் தராசு, ஒரு வாளி.

வண்டி நகர்ந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: “சார், இந்தக் கரடெல்லாம் எரிமலை வெடிச்சு வந்ததுங்களா?”

“இல்லை. தமிழ்நாட்டில் எரிமலை ஏதும் இல்லை” என்று ஒரே வரியில் விடையளித்துவிட்டேன். அந்த விடையை மாலைக்குள் நானே திருத்த நேரிடும் என்று அப்போது நினைக்கவில்லை.

பின் இருக்கையில் இருந்த மாணவி ஒருத்தி வேறொன்று சொன்னாள். அவளுடைய தந்தை ஜல்லி உடைக்கும் ஆலையில் வேலை செய்கிறார். “பாறையைப் பத்தின புத்தகமெல்லாம் இங்கிலீஷ்லதான் சார் இருக்கு. நம்ம ஊர்க் கல்லைப் பத்தித் தெரிஞ்சுக்கவும் இங்கிலீஷ் வேணும்னா, இது நமக்கான படிப்பு இல்லைன்னு தோணுது.” பட்டம் பெற்றபின் மேலே படிப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியும். அவளுக்கு உடனே சொல்ல என்னிடம் விடை இல்லை.

வெள்ளைக்கல் மேடு

சேலம் நகருக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், வெளிறிய மேடுகள் பரந்து கிடக்கின்றன. ஆங்கிலேயர் அவற்றுக்குச் ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சுண்ணாம்பு மலைகள் என்று பெயரிட்டனர். பெயர் பிழையானது. அங்கே உள்ளது சுண்ணாம்பு அன்று. மக்னசைட் என்னும் மக்னீசியம் கார்பனேட். நம் மக்கள் வைத்த ‘வெள்ளைக்கல்’ என்ற பெயரில் அந்தப் பிழை இல்லை. அங்கே வெள்ளக்கல்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது.

சாலையோரத்தில் நின்று பார்த்தோம். கரும்பச்சை கலந்த பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்புகள் வலைபோல் ஓடுகின்றன. அந்தப் பழுப்புப் பாறையின் பெயர் டியூனைட். அதில் பெரும்பகுதி ஆலிவின் என்ற கனிமம். ஆலிவின் மிகுந்த பாறைகள் புவியின் மேலோட்டில் அரிது. மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசப் பகுதியில்தான் மிகுதி. ஆகவே நாம் நிற்கும் இடத்தில் பூமியின் ஆழத்துப் பொருள் மேலே வந்து சேர்ந்திருக்கிறது. கரியமில வாயு கலந்த நீர் அதன் வெடிப்புகளில் நுழைந்தபோது ஆலிவின் சிதைந்தது. அதிலுள்ள மக்னீசியம் கரியமில வாயுவோடு கூடி மக்னசைட் ஆயிற்று. மீந்த சிலிக்கா தனியே பிரிந்தது. வெள்ளை நரம்புகள் தோன்றியது இவ்வாறே.

இந்தக் கல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அது உருக ஏறத்தாழ 2800 டிகிரி செல்சியஸ் வேண்டும். எஃகு உருகுவதோ 1500 டிகிரியை ஒட்டி. எனவே எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் இதிலிருந்து செய்யப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இங்குச் சுரங்கத் தொழில் நடந்து வந்திருக்கிறது. 1979-இல் தமிழ்நாடு அரசின் மக்னசைட் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. உருகிய எஃகைத் தாங்கும் சுவருக்கு, பூமியின் ஆழத்திலிருந்து வந்த பொருளே உதவுகிறது.

கஞ்சமலையின் காந்தக்கல்

சேலத்துக்கு மேற்கே வண்டி திரும்பியதும் கஞ்சமலையின் நீண்ட முதுகு தெரிந்தது. அடிவாரத்தில் பொறுக்கிய கருநிறப் பட்டைக் கல் ஒன்றைக் காந்த ஊசியருகே கொண்டுசென்றோம். ஊசி திரும்பிற்று. அந்தக் கல்லில் மாக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் குவார்ட்ஸும் மாறிமாறிப் பட்டைகளாக அமைந்துள்ளன.

இந்த இரும்பின் கதை நீளமானது. சேலம் வட்டாரத்தில் சிறு மண் உலைகளில் கரியிட்டு, துருத்தியால் ஊதி இரும்பெடுக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. அதன்பின் இங்கு வந்த ஐரோப்பியர் இத்தொழிலை வியப்புடன் கவனித்தனர். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, 1830-ஆம் ஆண்டளவில் பறங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். அதற்குச் சேலத்துக் கனிமம்தான் ஆதாரம். கனிமம் தரத்தில் குறையவில்லை; உலைக்குத் தேவையான மரக்கரிதான் கட்டுப்படியாகவில்லை. காடுகள் தொலைவுக்குப் போயின, செலவு ஏறியது, ஆலை நொடித்தது. பின்னர் அதே கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலை எழுந்து, 1980-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உற்பத்தி செய்யலாயிற்று.

தாரமங்கலம்: கல்லில் ஒரு சங்கிலி

சேலத்துக்கு மேற்கே 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் தாரமங்கலம். இன்று நெசவும் சந்தையும் நிறைந்த ஊர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டு இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகளின் முக்கிய ஊர் இது. மைசூர் அரசுக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட எல்லை நாடு அவர்களுடையது. போர் ஓயாத அந்த எல்லையில் நின்றுகொண்டு அவர்கள் கைலாசநாதர் கோயிலை விரிவாக்கிக் கட்டினார்கள்.

மண்டபத்தின் கூரையைப் பார்க்கச் சொன்னேன். ஒரே கல்லில் செதுக்கிய கல்சங்கிலி தொங்குகிறது. வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று அசைகின்றன. ஒட்டுப் போட்ட இடமே இல்லை. யாளியின் வாய்க்குள் உருளும் கல் குண்டை எல்லோரும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

இயற்பியல் மாணவர்கள் இந்தச் சங்கிலியைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கருங்கல்லின் இழுவலிமை அதன் அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதனால்தான் நம் கோயில்களில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுவதால் நீண்ட கல் உத்தரம் முறிந்துவிடும். சங்கிலியோ முழுக்க முழுக்க இழுவிசையில் தொங்குவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அறுந்து விழும். அப்படியானால் சிற்பி முதலில் செய்த வேலை செதுக்குவது அன்று, கல்லைத் தேர்ந்தெடுப்பது. இன்றும் ஸ்தபதிகள் கல்லைச் சுத்தியால் தட்டி அதன் ஓசையைக் கேட்கிறார்கள். முழுமையான கல் மணிபோல் ஒலிக்கும்; உள்வெடிப்புள்ள கல் ஒலியைச் சிதறடித்து மந்தமாக்கும். ஆய்வுக்கூடங்களில் மீயொலியைச் செலுத்தி உலோகத்தின் குறைகளைக் கண்டறிவதும் இதே தத்துவத்தின்படிதான்.

வாலியும் சுக்கிரீவனும் போரிடும் தூணும், இராமன் மறைந்து நிற்கும் தூணும் அங்கே உண்டு. இராமன் இருக்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான் என்று கோயிலில் சொல்வார்கள். “ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது, போன வழியே திரும்பியும் வரும். அப்படியிருக்க இது எப்படி இயலும்?” என்று கேட்டேன். மாணவர்கள் அரைமணி நேரம் தூணுக்குத் தூண் ஓடினார்கள். விடையை அவர்களே கண்டுபிடித்தார்கள். சிலையின் கண்ணை விட்டுவிட்டு நம் கண்ணை நாம் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் செய்தி இருக்கிறது. இராமன் பக்கத்தில் நிற்பவன் சற்று விலகி நின்று இடைவெளியில் எட்டிப் பார்க்கிறான். வாலியின் முன் நிற்பவனுக்கு நடுத்தூண் மறைப்பாகிறது. பார்வைக் கோடுகளைக் கணக்கிட்டுத் தூண்களை நிறுத்திய அந்தக் கொத்தர்கள் வடிவியலைக் கையால் அறிந்தவர்கள்.

சங்ககிரியும் திருச்செங்கோடும்

அங்கிருந்து தெற்கே சங்ககிரி. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் கோட்டைச் சுவரும், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வாயில்களும் கீழிருந்தே தெரிகின்றன. விஜயநகரக் காலத்தில் தொடங்கி, மைசூர் ஆட்சியிலும் ஆங்கிலேயர் ஆட்சியிலும் வலுப்படுத்தப்பட்ட கோட்டை இது. 1805-ஆம் ஆண்டு சூலை 31 அன்று தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இம்மலையில்தான். மாணவர்கள் சிறிது நேரம் பேசாமல் நின்றார்கள்.

சங்ககிரி மலையும், சில மைல் தொலைவில் உள்ள திருச்செங்கோட்டு மலையும் கிரானைட் இனப் பாறைகள். புவிக்குள் பாறைக்குழம்பு மேலேறி வந்து, ஆனால் மேற்பரப்பை எட்டாமலே உறைந்து உருவானவை. இவற்றின் வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள். நிலவியல் கணக்கில் இவை இந்த வட்டாரத்தின் ‘இளைய’ பாறைகள்!

திருச்செங்கோட்டில் பகல் உணவு. மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயில். படிவழியில் பாறையிலேயே செதுக்கப்பட்ட நீண்ட நாகம் நெளிந்து கிடக்கிறது. ஆனால் கடைவீதியில் மாணவர்களின் கண்ணில் பட்டவை வேறு: வரிசையாக நின்ற ரிக் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் இந்த வண்டிகள் இவ்வூரிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. இந்த ஊரில் ஏன் இந்தத் தொழில் வேரூன்றியது? காலடியில் கடினப்பாறை இருப்பதை எண்ணினால் வியப்பில்லை. மணற்பாறையில் நீர் துளைகளில் நிற்கும்; கடினப்பாறையில் வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். வெடிப்பைத் தேடி நூற்றுக்கணக்கான அடி இறங்கியாக வேண்டும். பாறையோடு போராடித் தண்ணீர் குடித்த மக்கள், அந்தப் போராட்டத்தையே தொழிலாக்கிக் கொண்டார்கள்.

சித்தம்பூண்டி: எரிமலையின் அடித்தளம்

பிற்பகல் இரண்டு மணிக்கு, பரமத்தி வேலூர்ப் பக்கமாகச் சித்தம்பூண்டியை அடைந்தோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கோயிற் கோபுரம் இல்லை, கோட்டை இல்லை, பெரிய மலைகூட இல்லை. வெயிலில் வெளுத்த கல்மேடுகளும் ஆடுகளும்தான். ஆனால் உலகத்து நிலவியலாளர்கள் இந்த ஊரின் பெயரை அறிவார்கள்.

வெள்ளைக் கல் ஒன்றும், கருங்கல் ஒன்றும் எடுத்துச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டோம். வெள்ளைக் கல்லின் எடை காற்றில் 540 கிராம். வாளி நீரில் அமிழ்த்தியபோது 345 கிராம். இழந்த எடை 195. எனவே ஒப்படர்த்தி 2.77. கருநிறக் கல் காற்றில் 620, நீரில் 430, ஒப்படர்த்தி 3.26. இந்த வேறுபாட்டில்தான் சித்தம்பூண்டியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

வெள்ளைக் கல் அனார்த்தோசைட். கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் கனிமத்தால் ஆனது. புவிக்குள் ஒரு பெரிய அறையில் பாறைக்குழம்பு தேங்கி மெல்லக் குளிர்ந்தால், படிகங்கள் ஒரே சமயத்தில் தோன்றுவதில்லை. அடர்த்தி மிக்க குரோமைட் போன்றவை தோன்றிக் கீழே படியும். அடர்த்தி குறைந்தவை வேறிடத்தில் திரளும். பாலில் ஆடை திரள்வதும் கசடு தங்குவதும் போல அடுக்குகள் உண்டாகும். சித்தம்பூண்டியில் இத்தகைய அடுக்குகள் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கின்றன. ஏ.பி. சுப்பிரமணியம் என்ற இந்திய நிலவியலாளர் 1956-இல் அமெரிக்க நிலவியற் கழகத்தின் இதழில் இவற்றை விரிவாக விளக்கி எழுதிய பின்னர், இவ்வூர் உலகப் பாடநூல்களில் இடம்பெற்றது.

குளிர எவ்வளவு காலம் ஆகும்? இதை மாணவர்களே கணக்கிட்டார்கள். வெப்பம் பாறையில் பரவும் வேகம் மிகக் குறைவு. தடிப்பின் இருமடிக்கு ஏற்பக் காலம் கூடும். ஒரு மீட்டர் தடிப்புள்ள குழம்பு ஏறத்தாழ 12 நாட்களில் ஆறும் என்றால், ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ளது ஆற அதைப்போல் பத்து இலட்சம் மடங்கு காலம், அதாவது சுமார் 30,000 ஆண்டுகள் வேண்டும். எரிமலையிலிருந்து வெளியே கொட்டும் குழம்பு விரைவில் உறைவதால் அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. நம் கையிலிருந்த கல்லின் படிகங்களோ உருப்பெருக்கி இல்லாமலே தெரிந்தன. ஆகவே இது ஆழத்தில் உறைந்தது.

“அப்படின்னா இந்தக் குழம்புக்கு மேலே என்ன சார் இருந்தது?” என்று காலையில் கேட்ட அதே மாணவன் கேட்டான்.

இங்கேதான் என் விடையைத் திருத்தினேன். சித்தம்பூண்டியின் வேதியியல் அமைப்பை ஆராய்ந்த இக்கால ஆய்வாளர் பலர், இன்றைய இந்தோனேசியா, சப்பான் போன்ற எரிமலைத் தீவு வரிசை ஒன்றின் அடியில் இருந்த குழம்பு அறையே இது என்று கருதுகின்றனர். காலம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன். மேலே இருந்த எரிமலைகளை மழையும் காற்றும் ஆறுகளும் அரித்துக் கொண்டுபோயின. அடித்தளம் மட்டும் மிஞ்சியது. “தமிழ்நாட்டில் எரிமலை இல்லை” என்று நான் சொன்னது இன்றைய நிலைக்குச் சரி. வரலாற்றுக்கு அது போதாது. மாணவனிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவன் முகம் மலர்ந்தது.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை நெடுநேரமாகக் கவனித்திருந்தார். அருகில் வந்து அந்த மாணவியிடம், “என்ன கண்ணு, குருந்தக்கல்லுத் தேடறீங்களா?” என்று கேட்டார்.

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பெரியவரிடம் விவரம் கேட்டோம். கத்திக்குச் சாணை பிடிக்கவும், மணிகளுக்கு மெருகேற்றவும் உதவும் கல் என்றும், முன்பெல்லாம் இங்கே தோண்டி எடுப்பார்கள் என்றும் சொன்னார்.

குருந்தக்கல் என்பது அலுமினியம் ஆக்சைடு. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலை. மோ அளவுகோலில் 9. சிறிதளவு குரோமியம் கலந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்து நீலமானால் நீலக்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியாவிலிருந்து இந்தக் கல் இலண்டன் சென்றது. சார்லஸ் கிரெவில் என்பவர் 1798-இல் இதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1802-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் பூர்னோன் இன்னும் விரிவாக எழுதினார். அவர்கள் இதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. நம் நாட்டில் வழங்கிய ‘குருந்தம்’ என்ற சொல்லையே ‘கொரண்டம்’ என்று எழுதிக்கொண்டார்கள். இன்று உலகம் முழுவதும் வழங்குவது அந்தப் பெயர்தான்.

“அப்ப அந்த இங்கிலீஷ் வார்த்தை நம்ம வார்த்தைங்களா சார்?” என்று அந்த மாணவி கேட்டாள். ஆம் என்றேன். அவள் தன் குறிப்பேட்டில் ‘கொரண்டம்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் ‘குருந்தம்’ என்று எழுதினாள்.

நிலாவுக்கு ஒரு மண்

வெள்ளைக் கல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலா மண்ணில் சில வெண்துகள்கள் இருந்தன. அவை அனார்த்தோசைட். நிலாவின் மேடான வெளுத்த பகுதிகள் அந்தப் பாறையால் ஆனவை என்றும், தொடக்கத்தில் நிலா முழுவதும் உருகிய குழம்புக் கடலாக இருந்து, அடர்த்தி குறைந்த ஃபெல்ஸ்பார் படிகங்கள் மேலே மிதந்து மேலோடாயின என்றும் அறிவியலாளர் 1970-இல் முடிவு கண்டனர். 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் எடுத்துவந்த புகழ்பெற்ற ‘ஆதிக்கல்’லும் அனார்த்தோசைட்டே.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நிலாவில் கலம் இறக்கத் திட்டமிட்டபோது, சோதனைக்கு நிலா மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாட்டில் விலைக்கு வாங்கினால் பெருஞ்செலவு. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் நிலாப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, அதைப் பொடியாக்கிச் செயற்கை நிலா மண் தயாரித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் இப்பணியில் பங்குகொண்டது. இறங்கு கலத்தையும் உலவு ஊர்தியையும் பெங்களூரில் அந்த மண்ணின்மேல் சோதித்தார்கள். தயாரிப்பு முறைக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது. சந்திரயான்-2 இறங்கு கலம் 2019 செப்டம்பரில் தரையிறங்கும்போது மோதிச் சிதைந்தது. ஆனால் 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்முனையை அடுத்த பகுதியில் மெல்ல இறங்கியது.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே பாறை அல்ல. நிலாப் பாறை ஏறக்குறைய 440 கோடி ஆண்டுப் பழமை உடையது. நீரின் தொடர்பே இல்லாமல் உறைந்தது. நம் பாறை அதைவிட மிக இளையது. பிற்காலத்தில் புவியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. ஆயினும் கனிம அமைப்பில் நெருங்கிய உறவினர்.

நாமக்கல்: பாறைக்குள் ஓர் அரசன்

வெயில் தாழ நாமக்கல் வந்தோம். ஊர் நடுவே ஒரே பாறை, ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். இந்த வட்டாரத்தின் அடிப்பாறை சார்னோக்கைட் இனம். புவிக்கு உள்ளே 25 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 7000 மடங்கு அழுத்தத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரி வெப்பத்தில் உருவானது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு 1893-இல் இப்பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். அந்தக் கல்லறைக் கல்லோ சென்னைப் பகுதியிலிருந்து போனது!

மேலே இருந்த 25 கிலோமீட்டர்ப் பாறையும் அரிந்துபோனபோது, கீழே அழுந்தியிருந்த பாறை பாரம் குறைந்து சற்றே விரிந்தது. விரிந்தபோது வெங்காயத் தோல்போல் வளைந்த வெடிப்புகள் தோன்றி, மேலடுக்குகள் உரிந்து விழுந்தன. கரடுகள் உருண்டு திரண்டு மொட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கடினப் பாறையை எட்டாம் நூற்றாண்டளவில் குடைந்தார்கள் இரண்டு குகைக் கோயில்கள். மேற்கில் நரசிம்மர், கிழக்கில் அரங்கநாதர். அதியர் குலத்தைச் சேர்ந்த குணசீலன் என்ற அரசன் குடைவித்தது என்று அங்குள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. குகைக்கு ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று பெயர். சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நாம் ஔவையாரின் நண்பனாக அறிவோம். பல நூற்றாண்டுகள் கழித்தும் அக்குலப் பெயர் இந்தப் பாறையில் வாழ்கிறது.

உலகை அளக்க உயர்ந்த திரிவிக்கிரமனின் கால், நிலமகளைத் தூக்கும் வராகம், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மம், பாம்பணையில் பள்ளிகொண்ட அரங்கன். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கும் இவை வியப்பளிக்கும். இந்தப் பாறையின் ஃபெல்ஸ்பார் கடினத்தில் 6, குவார்ட்ஸ் 7. நல்ல எஃகு உளியும் அதை ஒட்டியதே. எனவே உளி கல்லை வெட்டுவதில்லை. நசுக்கித் தெறிக்க வைக்கிறது. உளியை ஓயாமல் கூராக்க வேண்டும். உலைக்களம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். தனிக்கல்லில் பிழை நேர்ந்தால் வேறு கல் எடுக்கலாம். குகையில் அது முடியாது. ஓர் அடி தவறினால் தவறியதுதான்.

உச்சியில் உள்ள கோட்டை பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 1768-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். ஐதர் அலி மீட்டுக்கொண்டார். கீழே உள்ள கோயிலின் நாமகிரித் தாயார், கணித மேதை இராமானுஜனின் குடும்ப தெய்வம்.

திரும்பும் வழியில்

ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சுற்றி, இரவு எட்டு மணிக்குச் சேலம் திரும்பினோம். வழியில் சில கரடுகள் பாதி வெட்டுண்டு நின்றன. கல் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. வீடும் சாலையும் ஜல்லியில்தான் நிற்கின்றன. அந்த வேலையில்தான் பல குடும்பங்கள் உண்கின்றன. ஆனால் எதை உடைக்கலாம், எதை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்குள் இருக்க வேண்டும். செதுக்கிய பாறைக்குச் சட்டம் காவல் இருக்கிறது; நாமக்கல் குகைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பரங்கிமலையின் சார்னோக்கைட்டை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மற்றப்படி, உளிபடாத ஒரு கரட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவரை அது வெறும் கல்தான். படிக்கத் தெரிந்தவர் தொகை நம் மொழியில் பெருக வேண்டும்.

மாணவி இறங்கும்போது கையில் அந்த வெள்ளைக் கல்லை வைத்திருந்தாள். “அப்பா உடைக்கற கல்லு எத்தனை கோடி வருசத்துக் கல்லுன்னு அவருக்கே தெரியாது சார். நான் போய்ச் சொல்லணும்” என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “அடுத்த தடவை போறப்ப அவரையும் கூட்டிட்டு வரலாங்களா?” என்று கேட்டாள்.

வேனில் ஓர் இடம் கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.